கதையில் சினிமாவும் பாட்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

நம் பக்கத்துக் கதையில் சினிமாப் பாட்டு கேட்காமல் இருப்பதுதான் கடினம். காதுகுத்து வீட்டில் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கிக் குழாய் பாட ஆரம்பித்துவிடுகிறது. அரூர் டவுன் பஸ்ஸில் ஏறினால் பாட்டு. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளில் பழம் கழுவும் பெண்களுக்கு நடுவே யாருடைய செல்போனோ பாடிக்கொண்டிருக்கிறது. மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் முழுக்க ஒட்டும் வரவேற்பு பேனர்களில் அம்மனைவிட நடிகர்கள் பெரியதாக நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரை எழுதுகிறவர் சினிமாவையும் சீரியலையும் கிரிக்கெட்டையும் விளம்பரத்தையும் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டால், அந்த ஊர் பாதிதான் கதைக்குள் வரும்.

சினிமாவைத் தொட்டால் இலக்கியம் கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு ஒதுங்க வேண்டாம். ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் கொண்டுவரும் கதைகளில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். கதையில் வரும் பாட்டு, பாத்திரத்தின் பாட்டாக இருப்பதில்லை. எழுதியவருக்குப் பிடித்த பாட்டாக இருக்கிறது. அறுபது வயது விவசாயி, இருபத்திரண்டு வயது எழுத்தாளர் ரசிக்கும் பாட்டை முணுமுணுக்கிறார். 1985இல் நடக்கும் கதையில் 2005இன் நகைச்சுவை வசனம் வருகிறது. இவற்றைத் தவிர்த்து, பாட்டையும் படத்தையும் கதைக்கு உழைக்க வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பாத்திரத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

எழுத உட்காரும் முன், முக்கியமான பாத்திரம் ஒவ்வொருவருக்கும் நோட்டில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஆண்டில் பிறந்தார், பதினைந்திலிருந்து இருபது வயது வரை எங்கே இருந்தார், அப்போது பாட்டு அவர் காதுக்கு எதன் வழியாக வந்தது, யாருடைய வீட்டில் கேட்டார், டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். படம் பார்க்கக் காசு கேட்க வேண்டியிருந்தவருக்கும் காசு கொடுத்தவருக்கும் ஒரே படம் இரண்டு படம்.

உதாரணத்துக்கு, பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1960இல் பிறந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். இளையராஜா தமிழ்ப் படங்களுக்கு இசையமைக்க வந்தது 1976இல். அப்போது இவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் ரேடியோ இல்லை. பாட்டு அவளுக்குக் கல்யாண வீட்டுக் குழாய் வழியாகத்தான் வந்திருக்கும். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஊரிலிருந்து காற்று வீசும் திசையைப் பொறுத்துப் பாதி வரி கேட்கும், பாதி வரி கேட்காது. படத்தை அவள் பார்த்திருக்கவே மாட்டாள். பாட்டு முழுக்க மனப்பாடம். அதைப் பாடியது கதாநாயகியா, தோழியா, எந்த இடத்தில் பாடினாள் என்பதெல்லாம் தெரியாது. அந்தப் பாட்டுக்கு ஒரு கதையை அவளாகவே கட்டி வைத்திருப்பாள். முப்பது ஆண்டு கழித்து மகன் வாங்கி வந்த டிவியில் அந்தப் படம் ஓடுகிறது. அவள் நினைத்திருந்தது ஒன்று, திரையில் வருவது வேறொன்று. உட்கார்ந்து பார்ப்பாளா, எழுந்து போய்விடுவாளா?

அரைப் பக்கப் பட்டியலிலிருந்து ஒரு சிறுகதையே கிளம்பிவிட்டது, பாருங்கள். நாற்பது ஆண்டுப் பாட்டுகளின் பெயர்களை வரிசையாக அடுக்கினாலும் இது கிடைக்காது.

அவள் மகனுக்கு வேறு பட்டியல். 1980களில் பஞ்சாயத்து டிவி முன்னால் வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்கத் தரையில் இடம் பிடித்தவன் அவன். அவனுக்குப் பாட்டு என்றால் கூட்டம், முன்னால் உட்கார்ந்திருப்பவனின் தலை, நடுவில் போகும் கரண்ட். பேரனுக்கு எல்லாமே காதுக்குள் செருகிய கருவியில். அவன் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று விதமான கேட்டல். எந்தப் பாட்டு என்பதைவிட எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுதினால் காலமும் வசதியும் தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஆண்டைச் சரிபாருங்கள், பிறகு ஊருக்கு வந்த நாளைச் சரிபாருங்கள்

ஒரு தப்பான ஆண்டு போதும், வாசகர் கதையை நம்புவதை நிறுத்திவிடுவார். நம் பக்கத்துக் கதைகளுக்கு அடிக்கடி தேவைப்படும் சில ஆண்டுகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9. கதை 2001இல் ஊத்தங்கரையில் நடந்தால், பாத்திரம் தன் மாவட்டம் தருமபுரி என்றுதான் சொல்ல வேண்டும். 1996க்கு முன்னால் பேச்சில் பலரும் சென்னையை மெட்ராஸ் என்றார்கள். வயதானவர்கள் அதற்குப் பிறகும் அப்படித்தான் சொன்னார்கள். தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது 1987 ஜனவரி, மகாபாரதம் 1988 அக்டோபர். இரண்டும் இந்தியில். இந்தி தெரியாத ஊர், கதை தெரியும் என்ற ஒரே பலத்தில் ஞாயிறு காலைகளில் அவற்றைப் பார்த்தது. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. ஏ.ஆர். ரகுமானின் முதல் தமிழ்ப் படம் 1992. சன் டிவி 1993 ஏப்ரல் 14. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது 2006. டிக்டாக் தடை செய்யப்பட்டது 2020 ஜூன் 29. கதை 2022இல் நடந்தால் உங்கள் கதாநாயகி அதில் ஆட முடியாது.

இது எளிதான பாதி. கடினமான பாதி, அந்த விஷயம் உங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்பது. பெரிய ஊரில் வெளியான படம் அங்கே ஓடி முடித்து, பிரதி தேய்ந்து, கோடு விழுந்து, நடுவில் சில காட்சிகளை இழந்து, பல மாதம் கழித்துத்தான் டூரிங் டாக்கீஸ் என்ற கூடாரக் கொட்டகைக்கு வரும். தீபாவளிப் படத்தைச் சித்திரையில் பார்த்தவர்கள் நம் தாத்தாக்கள். ஆகவே, ‘1978 தீபாவளிக்கு வெளியான புதுப் படத்தை அன்றைக்கே மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கொட்டகையில் பார்த்தான்’ என்று எழுதினால் ஆண்டு சரி, ஊர் தப்பு. தாமதத்தைப் பயன்படுத்துங்கள். சேலத்தில் படிக்கும் அண்ணன் லீவுக்கு வந்து படத்தின் முழுக் கதையையும் திண்ணையில் சொல்லி முடித்துவிடுகிறான். ஆறு மாதம் கழித்துத் தம்பி அதே படத்தைப் பார்க்கிறான். அண்ணன் சொன்ன சண்டைக் காட்சி படத்தில் இல்லை. பிரதியில் வெட்டுப்பட்டதா, அண்ணன் கட்டிவிட்டதா என்று தம்பிக்குத் தெரியாது. அண்ணன் தம்பி உறவு முழுவதையும் அந்த ஒரு காட்சி தாங்கும்.

இந்தத் தகவலை வலைத்தளத்தில் தேடிப் பயனில்லை. ஊரில் அறுபது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். “எந்தப் படம் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் பெயர் மட்டும் வரும். “யாரோடு போனீர்கள், எப்படித் திரும்பினீர்கள்?” என்று கேளுங்கள், மற்றதெல்லாம் வரும்.

மூன்றாம் படி: என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

பாட்டோ நடிகர் பெயரோ கதைக்குள் வந்தால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். ‘சூழலுக்காக வைத்தேன்’ என்பது போதாது. காலத்தைச் சொல்லலாம், ஒருவரின் ஆசையைக் காட்டலாம், இரண்டு பேருக்கு நடுவே இருப்பதைத் திறந்துவிடலாம். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்தால் நல்லது.

புதியவர்கள் அதிகம் எழுதும் வாக்கியம் இப்படி இருக்கும்:

‘முருகேசன் ரஜினி மாதிரி ஸ்டைலாக நடந்து தக்காளி மண்டிக்குள் வந்தான்.’

இதில் நடந்து வருவது நடிகர்; முருகேசன் காணாமல் போய்விட்டான். அவனுக்கு என்ன வயது, யார் பார்க்க அப்படி நடந்தான், பார்த்தவர் என்ன நினைத்தார் என்று எதுவும் தெரியவில்லை. அதே காட்சியை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘கணக்குப்பிள்ளை நிமிர்ந்தபோது முருகேசன் வாசலில் நின்றிருந்தான். தோளில் கிடந்த துண்டை ஒரு சுழற்றுச் சுழற்றி மறு தோளுக்கு மாற்றினான். சரியாக உட்கார்ந்தது. இன்னொரு முறை சுழற்றினான். துண்டு தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் போய் விழுந்தது. தராசுக்காரர் எழுந்து போய் எடுத்தார். உதறி, நான்காக மடித்து, அவன் கையில் கொடுத்தார். “அப்பா வைத்த பாக்கி அப்படியே நிற்கிறது, தம்பி” என்றார்.’

நடிகர் பெயர் எங்கேயும் இல்லை. துண்டைச் சுழற்றும் அந்த வித்தை 90களின் திரையில் பேர்பெற்றது. அறிந்த வாசகர் உடனே பிடித்துக்கொள்வார். அறியாதவருக்கும் குறையில்லை: ஓர் இளைஞன் கெத்தாக வந்து நிற்கப் பார்க்கிறான், பெரியவர் ஒருவர் அவனை அவமானப்படுத்தாமலே அவன் இடத்தைக் காட்டிவிடுகிறார். முதல் முறை துண்டு சரியாக விழ வேண்டும் என்பதும் முக்கியம். முதலிலேயே தவறியிருந்தால் அவன் கோமாளி ஆகியிருப்பான். ஒரு முறை சரியாகச் செய்ததால்தான் அவன் வீட்டில் கண்ணாடி முன்னால் எத்தனை நாள் பழகியிருப்பான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விதம், பாட்டைக் கடிகாரமாக்குவது. டூரிங் டாக்கீசில் ஆட்டம் தொடங்கும் முன் பக்திப் பாட்டுகளைக் குழாயில் போடுவார்கள். அது சுற்று வட்டாரம் முழுக்கக் கேட்கும். எந்தப் பாட்டு முடிந்ததும் படம் ஆரம்பிக்கும் என்பது பெண்களுக்கு அத்துப்படி. முதல் பாட்டுக்கு உலை கொதிக்க வேண்டும், இரண்டாவதுக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடிக்க வேண்டும், கடைசிப் பாட்டுக்கு வாசல் தாண்டியிருக்க வேண்டும். மாமியார் வேண்டுமென்றே கடைசி நேரத்தில் ஒரு வேலை சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. மருமகள் வாய் திறக்கவில்லை. அந்தப் பாட்டின் ஒரு வரியைக்கூட நீங்கள் எழுதத் தேவையில்லை. வாசகருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: குறிப்பை எடுத்துவிட்டுக் காட்சியைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

நான்காம் படி: தெரியாத வாசகரையும் உள்ளே விடுங்கள்

இதற்கு நம் தகடூரிலேயே, அதாவது பழைய தருமபுரியிலேயே, பாடம் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி, சாவை விலக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை அவனை வாழ்த்துகிறார்: ‘நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக, பெரும நீயே.’ நீல மணி போன்ற தொண்டையை உடைய ஒருவன்போல நிலைத்து வாழ்க என்கிறார். சிவன் என்ற பெயரைச் சொல்லவில்லை; நஞ்சுண்ட கதையையும் சொல்லவில்லை. அந்தக் கதை அன்று கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்தவருக்கு ஒரு பெரிய வாசல் திறக்கிறது: கொல்லும் நஞ்சை உண்டும் சாகாதவன் அவன், சாவை நீக்கும் கனியைக் கையில் வைத்திருந்தும் உண்ணாதவன் இவன். கதை தெரியாத ஒருவருக்கும் ‘இவர் இவனை நீடு வாழச் சொல்கிறார்’ என்பது புரிந்துவிடுகிறது. வாழ்த்து நிற்கிறது, அறிந்தவருக்கு அதன் ஆழம் கூடுகிறது. எல்லாரும் அறிந்த ஒன்றைக் கதையில் தொடும்போது இந்த அளவை மனத்தில் வையுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. கதையை எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அறுபதைத் தாண்டியவர், மற்றவர் இருபதைத் தொட்டவர். எங்கே புரியவில்லை என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லாம் புரிந்தது என்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கோல்ட் ஸ்பாட் பாட்டிலை அக்கா மறைத்து வைத்த காட்சியை இளையவர் தாண்டிப் போய்விட்டால், அது குளிர்பானம் என்பதும் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு அரிது என்பதும் காட்சிக்குள் வரவில்லை என்று பொருள். அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுத வேண்டாம். மூடியைக்கூட வீசாமல் தம்பி சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

கூத்தை மறந்துவிடாதீர்கள்

வெகுமக்கள் கலை என்றதும் புதியவர்கள் திரையை மட்டும் நினைக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது வந்து பாருங்கள். பகலில் பிரசங்கம், இரவு முழுக்கத் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று மரத்தின் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனன் தெருவின் அகலத்துக்குப் படுத்துக் கிடக்கிறான். திரௌபதி கூந்தல் முடிகிறாள். எந்த நட்சத்திரத்தைவிடவும் இந்த ஊர்களில் துரியோதனனை அறிந்தவர்கள் அதிகம்.

எழுத்தாளருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. ஒரே பாரதம் கூத்தில் ஒரு மாதிரி, டிவியில் ஒரு மாதிரி. கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவர் பகலில் உங்கள் பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டுகிறவராக இருக்கலாம். அவர் வீட்டுக் கிழவி, 1989இல் தெரு டிவி முன்னால் உட்கார்ந்து, வழவழவென்ற பட்டும் நகையும் அணிந்த இந்தித் துரியோதனனைப் பார்க்கிறாள். கட்டையும் கிரீடமும் கட்டி, அரிதாரம் வியர்வையில் வழிய, விடிய விடிய ஆடிக் கால் வீங்கி வரும் தன் மகன் எங்கே, இவன் எங்கே? அவள் என்ன சொல்வாள் என்பதை எழுதிப் பாருங்கள். அவளை டிவியைத் திட்ட வைப்பதுதான் முதலில் தோன்றும். அதைத் தாண்டி யோசியுங்கள். அவளுக்கு டிவிக்காரனைப் பிடித்துப்போகலாம். மறுநாள் மகனிடம் ஒரு பட்டுத் துணி வாங்கச் சொல்லலாம்.

கூத்திலும் சினிமா மெட்டு புகுந்துவிட்டது. முகவீணையும் ஆர்மோனியமும் திரைப்பாட்டு மெட்டை எடுத்ததும் அதுவரை தூங்கி வழிந்த பையன்கள் எழுந்து உட்காருகிறார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதை நல்லது, கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் எழுதுங்கள்.

இடம் மாறினால் பொருளும் மாறும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் எழுதுகிறீர்களா? அங்கே வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய. பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பையனும் அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மாவும் ஒரே நடிகரைக் கொண்டாட மாட்டார்கள். 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். நவம்பர் 15 அன்றுதான் அவர் விடுதலையானார். அந்த மாதங்களில் நடக்கும் எல்லையோரக் கதையில் அந்த நடிகரின் படம் சுவரில் தொங்கினால், அது வெறும் ரசிகர் அடையாளமாக இருக்க முடியாது. அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் கலந்துவிடும்.

பர்கூரும் அப்படித்தான். 1991 தேர்தலில் அந்தத் தொகுதியில் வென்றுதான் ஜெயலலிதா முதல் முறை முதலமைச்சர் ஆனார். 1996இல் அதே தொகுதியில் தோற்றார். 60களில் அவர் நடித்த படத்தின் பாட்டு இந்த இரண்டு ஆண்டுகளிலும் பர்கூர் டீக்கடையில் ஒலித்தால், கேட்பவர்களின் முகம் ஒன்றாக இருக்காது. அரசியல் பேச்சே இல்லாமல், டீக்கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதையோ குறைப்பதையோ காட்டினால் போதும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவருக்கும் இதே விதி. அருவிக்கு முன்னால் கதாநாயகி ஆடும் பாட்டு ஊருக்கெல்லாம் கனவு. அவருக்கு அது ஆட்களை ஏற்றி இறக்கிக் கூலி வாங்கிய சில நாட்கள், பாறையில் வழுக்கிய விளக்குக்காரர், எத்தனை முறை எடுத்தும் முடியாத ஒரு காட்சி.

அளவும் பேச்சும்

ஒரு காட்சிக்கு ஒரு குறிப்பு போதும். இரண்டாவது வந்தால் முதலாவது மங்கிவிடுகிறது.

உரையாடலில் வசனத்தையோ பாட்டையோ பாத்திரம் சொல்லும்போது தப்பாகச் சொல்லட்டும். யாரும் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு சொல்லை மாற்றி, தெரியாத இடத்தில் ‘லாலா’ போட்டு, இரண்டு பாட்டைக் கலந்து பாடுகிறவர்தான் நிஜமான மனிதர். எந்தச் சொல்லை மாற்றுகிறார் என்பதில் அவர் மனம் தெரியும். நகைச்சுவை வசனங்களை வைக்கும்போது இடம் பாருங்கள். வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, பந்தல்காரப் பையன் பழக்கத்தில் ஒரு வசனத்தைச் சொல்லிவிடுகிறான், யாரும் சிரிக்கவில்லை, செத்தவரின் தம்பிக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, அண்ணனும் அதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். சிரிப்புக்காக வந்த வசனம் அழ வைத்துவிடும்.

பொருத்தமான நிஜப் படம் கிடைக்கவில்லையா? நீங்களே ஒரு படத்தைக் கற்பனை செய்யலாம். கதாநாயகன் பெயர், சுவரொட்டியின் நிறம், ஊரெல்லாம் பாடிய ஒரு பல்லவி எல்லாம் உங்களுடையது. தேதித் தொல்லையும் உரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் நிஜ நடிகர் ஒருவரைக் கதைக்குள் நடமாட விட்டு, அவர் செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். அது சட்டச் சிக்கல் மட்டுமல்ல. வாழும் மனிதருக்குச் செய்யும் தீங்கு.

கடைசிப் படி: எதற்கு அனுமதி வேண்டும்?

படத்தின் பெயரையோ, பாட்டின் முதல் சொற்களைப் பெயராகவோ, நடிகர், பாடகர் பெயரையோ குறிப்பிட அனுமதி தேவையில்லை. தலைப்புக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. பாட்டு வரிகளை எடுத்து எழுதுவது வேறு விஷயம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியர் வாழும் காலமும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டும் வரிகளுக்குப் பாதுகாப்பு உண்டு; அந்த 60 ஆண்டு, மறைவுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை பாதுகாப்பு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்தது 1959, 2019உடன் முடிந்துவிட்டது. 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களை எவரும் எடுத்தாளலாம். விமர்சனம், ஆய்வு போன்றவற்றுக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. கதையை அழகுபடுத்த வைக்கும் நான்கு வரிக்கு அதை நம்ப வேண்டாம். இரண்டு வரி வரை பயமில்லை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சட்டத்தில் அப்படி எந்த வரிக் கணக்கும் இல்லை.

பெரும்பாலும் வரியே தேவைப்படாது. பாடகரின் குரல் மேலே ஏறும் இடத்தில் பஸ் பள்ளத்தில் இறங்கிப் பாட்டு துள்ளியது என்று எழுதினால் வாசகர் தன் பாட்டைத் தானே போட்டுக்கொள்வார். அப்படியும் அந்த வரிதான் வேண்டும் என்றால், புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே பாடலாசிரியருக்கோ அவர் குடும்பத்துக்கோ, பாட்டின் உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கோ எழுதுங்கள். எந்த வரிகள், எந்தக் கதையில், எத்தனை பிரதி, மின்னூலாகவும் வருமா, மொழிபெயர்ப்பு உண்டா என்று கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். கதையின் அந்தப் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். அனுமதியைப் போனில் வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கிப் பதிப்பாளரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். அச்சுக்குப் போகும் நாள் வரை பதில் வரவில்லையென்றால் வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் கடிதத்தைச் சில மாதம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.